இங்கிலீஷ் பேண்டு மெட்டு, காசி ராகம், எட்டயபுரம் கரிசல்... முத்துசுவாமி தீட்சிதரின் கதை!

நாசரேத்தில் ஞாயிறு காலை ஆராதனைக்குப் போறவங்களுக்கு இது புது விஷயம் இல்லை. முதல்ல ஒரு பாமாலை பாடுவாங்க. மெட்டு இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ பிறந்திருக்கும், வார்த்தைகள் மட்டும் தமிழ். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கீர்த்தனை வரும். அது நம்ம ஊர் ராகத்தில், நம்ம ஊர் தாளத்தில் இருக்கும். ரெண்டையும் ஒரே க்வயர்தான் பாடும். இது எங்க ஊர் இசை, அது அந்நிய இசைன்னு யாரும் நடுவில் கோடு போடுறதில்லை.

இதே வேலையை 200 வருஷத்துக்கும் முன்னாடி சென்னையில் ஒரு இளைஞர் செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசிச்ச ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அதுக்கு சம்ஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். வேதம், சாஸ்திரம், வீணைன்னு வளர்ந்த பிள்ளை அவர். பின்னாளில் கர்னாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவரா கொண்டாடப்பட்டார். அவர்தான் முத்துசுவாமி தீட்சிதர்.

பிறந்தது திருவாரூர். ஆனா அவருடைய நினைவிடம் இருக்கிறது நம்ம தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில். தூத்துக்குடியில் இருந்து மதுரைக்கு பஸ் ஏறினால், போற வழியில்தான் அந்த ஊர். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கிட்டே எத்தனை தடவை அந்த ஊரைக் கடந்திருப்போம்! அவர் உயிர் பிரிஞ்சதும் அங்கேதான், அவருடைய பாட்டுகள் அழியாமல் தப்பிச்சதும் அங்கேதான்.

பீத்தோவனுக்குத் தம்பி வயசு

மேற்கத்திய இசையில் 'கிளாஸிக்கல் காலம்'னு சொன்னால் ஹைடன், மொஸார்ட், பீத்தோவன் மூணு பேரும் ஞாபகத்துக்கு வருவாங்க. மொஸார்ட் பிறந்தது 1756, பீத்தோவன் 1770. அதே காலத்தில் நம்ம பக்கம் என்ன நடந்தது தெரியுமா? திருவாரூர்ங்கிற ஒரே ஊரில் மூணு மேதைகள் பிறந்தாங்க. சியாமா சாஸ்திரி 1762-ல், தியாகராஜர் 1767-ல். மூணாவதா 1770-களின் நடுவில், மன்மத வருஷம் பங்குனி மாசம் பிறந்தவர் முத்துசுவாமி தீட்சிதர். பீத்தோவனைவிட அஞ்சாறு வயசு சின்னவர்.

இன்னொரு ஆளையும் இந்தப் பட்டியலில் சேர்க்கணும். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார். நம்ம சர்ச்சுகளில் இன்னிக்கும் பாடுற பல கீர்த்தனைகள் அவருடையவை. ஆக, வியன்னாவும் காவிரிக் கரையும் ஒரே தலைமுறையில் பொங்கி வழிஞ்சிருக்கு.

முத்துசுவாமியின் அப்பா ராமசுவாமி தீட்சிதர் பெரிய வித்வான். திருவாரூர் கோயிலில் எந்த நேரத்தில், எந்த உற்சவத்தில் நாகஸ்வரத்தில் என்ன வாசிக்கணும்னு முறைப்படுத்தினவர். ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கினதும் அவர்தான்னு இசை உலகம் சொல்லும். ரொம்ப நாள் குழந்தை இல்லாமல், வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கிட்டுப் பிறந்த பிள்ளைங்கிறதால், அந்தக் கோயில் முருகன் முத்துக்குமாரசுவாமியின் பேரையே வெச்சாங்க. அதுக்கப்புறம் சின்னசாமி, பாலுசாமின்னு ரெண்டு தம்பிகள், பாலாம்பாள்னு ஒரு தங்கை. இதில் கடைசித் தம்பி பாலுசாமியை மட்டும் மனசில் குறிச்சு வெச்சுக்கோங்க. கதையின் கடைசியில் அவர்தான் முக்கியமான ஆள்.

கோட்டையில் கேட்ட பேண்டு சத்தம்

சென்னைக்குப் பக்கத்து மணலியில் முத்துகிருஷ்ண முதலியார்னு ஒரு ஜமீன்தார். கம்பெனிக்காரங்களோட நெருக்கமா இருந்த துபாஷ் குடும்பம். ராமசுவாமி தீட்சிதரின் வித்தையைப் பார்த்து மயங்கி, குடும்பத்தோட மணலிக்கே அழைச்சுக்கிட்டார். அவருக்குப் பிறகு அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியாரும் அதே மாதிரி ஆதரிச்சார்.

அவர்தான் தீட்சிதர் சகோதரர்களை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைச்சுட்டுப் போய், அங்கே வாசிச்ச பேண்டு இசையைக் கேட்க வெச்சவர். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகள், நடன மெட்டுகள், ராணுவ அணிவகுப்பு இசை... எல்லாம் காதில் விழுந்தது. நம்ம இசையில் ஒரு ஸ்வரம் அசைஞ்சு, வளைஞ்சு, அடுத்ததைத் தொடும். அதுக்குப் பேர் கமகம். பேண்டு இசையில் ஒவ்வொரு ஸ்வரமும் படிக்கட்டு மாதிரி தனித்தனியா நேரா நிற்கும். வேற ஒருத்தரா இருந்தால் காதைப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். முத்துசுவாமி அந்த மெட்டுகளை எடுத்துக்கிட்டார்.

அப்படிப் பிறந்ததுதான் 'நோட்டுஸ்வர சாகித்யங்கள்'. சுமார் 40 குட்டிப் பாட்டுகள். பெரும்பாலும் நம்ம சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், அதாவது மேற்கத்திய மேஜர் ஸ்கேலில் அமைஞ்சவை. இன்னிக்கும் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற 'சக்தி சஹித கணபதிம்' இந்த வகைதான். 'சியாமளே மீனாட்சி' பாட்டைக் கேட்டுப் பாருங்க, 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு காதில் விழும். அதே பிரெஞ்சு மெட்டை வெச்சு மொஸார்ட்டும் பியானோவில் விளையாடியிருக்கார்!

இதில் உச்சம் எது தெரியுமா? இங்கிலாந்து மன்னரை வாழ்த்துற தேசிய கீதத்தின் மெட்டையும் அவர் விட்டுவைக்கலை. அதே மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்'னு சங்கீத சியாமளா தேவிக்குப் பாட்டு எழுதிட்டார். ஊரை ஆள வந்தவங்களின் ராஜ வாழ்த்து, தேவியின் பிரார்த்தனையா மாறிப்போச்சு.

அண்ணன் மெட்டை எடுத்துக்கிட்டார், தம்பி வாத்தியத்தை எடுத்துக்கிட்டார். பாலுசாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கத்துக்கிட்டு, அதில் நம்ம ராகங்களை வாசிச்சுப் பார்த்தார். குரல் மாதிரியே வளைஞ்சு கொடுக்கிற கருவி அது. இன்னிக்கு வயலின் இல்லாத கர்னாடகக் கச்சேரியை நினைச்சுப் பார்க்க முடியுமா? அந்த மாற்றத்தைத் தொடங்கிவெச்ச முன்னோடி பாலுசாமி தீட்சிதர்.

காசியில் கிடைச்ச இன்னொரு காது

மணலி வீட்டுக்கு சிதம்பரநாத யோகின்னு ஒரு துறவி வந்தார். முத்துசுவாமியைப் பிடிச்சுப்போய், தன்னோட காசிக்கு அழைச்சுட்டுப் போறேன்னு கேட்டார். தவமிருந்து பெத்த தலைப்பிள்ளையை அனுப்ப எந்த அப்பா சம்மதிப்பார்? கடைசியில் மனசைத் தேத்திக்கிட்டு அனுப்பிவெச்சார். ரயில் இல்லாத காலம் அது. போனவர் திரும்புவாரான்னே தெரியாத தூரம்.

காசியில் சில வருஷங்கள். யோகம், வேதாந்தம், ஸ்ரீவித்யா உபாசனைன்னு ஒரு பக்கம் படிப்பு ஓடுச்சு. இன்னொரு பக்கம் அந்த ஊர்க் காற்றில் கலந்திருந்த ஹிந்துஸ்தானி இசை. அதில் துருபத்னு ஒரு வகை உண்டு. அவசரமே இல்லாமல், ஒரு ராகத்தை அங்குலம் அங்குலமா விரிக்கிற பாணி. தீட்சிதரின் பாட்டுகள் பலதும் யானை நடையில் அசைஞ்சு போறதுக்கு இந்தக் காசி அனுபவம் ஒரு காரணம்னு இசை ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஹமீர் கல்யாணி, யமுனா கல்யாணி, பிருந்தாவன சாரங்கா, த்விஜாவந்தி மாதிரியான ராகங்களில் அவர் செஞ்ச பாட்டுகளைக் கேட்டால் வடக்கத்திய வாசனை தெரியும்.

காசியில் ஒரு வீணையும் அவருக்குக் கிடைச்சது. கங்கையில் இறங்கிக் கையை நீட்டச் சொன்னார் குரு, வீணை கைக்கு வந்தது என்பது குடும்பம் சொல்லிவந்த கதை. நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம். ஆனா அவர் பாட்டுகளில் வீணையின் விரல் நடை இருக்குன்னு வாசிக்கத் தெரிஞ்ச யாரும் ஒத்துக்குவாங்க.

ஒரு கற்கண்டு, முதல் பாட்டு

குரு காலமான பிறகு ஊர் திரும்பிய முத்துசுவாமி, திருத்தணி முருகன் கோயிலுக்குப் போனார். கண்ணை மூடித் தியானத்தில் இருந்தப்போ, ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கற்கண்டைப் போட்டுட்டு மறைஞ்சாராம். அந்தத் தித்திப்போடவே முதல் கீர்த்தனை பிறந்ததுன்னு சொல்றது வழக்கம். ராகம் மாயாமாளவகௌளை. பாட்டு கத்துக்கிற குழந்தை முதல் நாள் சரளி வரிசை பாடுதே, அதே ராகம்!

அன்னிக்கு முதல் தன் பாட்டுகளில் 'குருகுஹ' என்ற முத்திரையை வெச்சார். குகன்னா முருகன். பாட்டுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கிற கையெழுத்து அது.

முதல் தொகுப்பிலேயே இன்னொரு விளையாட்டையும் ஆரம்பிச்சார். ஸ்கூல்ல எட்டு வேற்றுமை உருபு படிச்சோமே... முருகன், முருகனை, முருகனால், முருகனுக்குன்னு. சம்ஸ்கிருதத்திலும் அப்படி எட்டு உண்டு. ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒரு பாட்டுன்னு தொடரா எழுதினார். இலக்கண வகுப்பைக் கேட்டாலே கொட்டாவி விடுற நமக்கு, அதை வெச்சு ஒருத்தர் பாட்டு வரிசையே கட்டியிருக்கார்ங்கிறது ஆச்சர்யம்தான்.

ஊர் ஊராப் போன பாட்டுக்காரர்

அப்புறம் தொடங்கினது நடை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், மாயவரம், திருவாரூர்னு கோயில் கோயிலா போனார். போன இடத்தில் எல்லாம் பாட்டு. பஞ்சபூதத் தலங்களுக்கு அஞ்சு பாட்டு செஞ்சார். நிலத்துக்குக் காஞ்சி, நீருக்குத் திருவானைக்கா, நெருப்புக்குத் திருவண்ணாமலை, காற்றுக்குக் காளஹஸ்தி, ஆகாயத்துக்குச் சிதம்பரம். திருவாரூர்க் கமலாம்பாளுக்கு மட்டும் 'நவாவரணம்'னு தனித் தொகுப்பே இருக்கு.

அவர் பாட்டு ஒண்ணொண்ணும் ஒரு டைம் கேப்ஸ்யூல் மாதிரி. அந்தக் கோயிலின் சாமி பேர், தலபுராணம், சில சமயம் அங்கே இருக்கிற குளம், மரம், பூஜை முறை எல்லாம் உள்ளே இருக்கும். அந்தப் பாட்டு எந்த ராகமோ, அந்த ராகத்தின் பேரையே பல பாட்டுகளில் வார்த்தையோட வார்த்தையா கோத்துவிட்டிருப்பார். கேட்கிறவங்களுக்கு அது சாதாரணச் சொல்லாத் தெரியும், ராகம் தெரிஞ்சவங்க புன்னகைப்பாங்க. மெதுவா நகர்ற பாட்டு, முடியுற இடத்தில் திடீர்னு வேகம் எடுக்கும். 'மத்யமகாலம்'னு சொல்ற அந்தப் பகுதி, படத்தில் இடைவேளைக்கு முன்னாடி வர்ற ட்விஸ்ட் மாதிரி.

அடகு வைக்க வந்த வளையல்

புகழ் இருந்தது, காசு இல்லை. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் கலைஞர்களுக்கு அள்ளிக் கொடுத்துக்கிட்டிருந்த காலம் அது. அவரைப் போய்ப் பார்த்தால் நகை நட்டு கிடைக்குமேன்னு வீட்டில் மனைவி ஆசைப்பட்டதாகவும், மனுஷனைப் புகழ்ந்து பாட மாட்டேன்னு லலிதா ராகத்தில் மகாலட்சுமிக்குப் பாட்டு செஞ்சதாகவும் ஒரு கதை உண்டு.

இன்னொரு கதை இதைவிட மனசைத் தொடும். திருவாரூரில் கமலம்னு ஒரு நடனக் கலைஞர் அவரிடம் பாட்டு கத்துக்கிட்டார். ஒரு நாள் குரு வீட்டில் சமைக்க அரிசி, பருப்பு எதுவும் இல்லை. அதைப் பார்த்த கமலம், தன் வளையலைக் கழற்றி அடகு வெச்சு மளிகை வாங்கிட்டு வரக் கிளம்பினார். தீட்சிதர் தடுத்துட்டார். கோயிலுக்குப் போய் தியாகராஜ சுவாமி முன்னாடி பாடிட்டுத் திரும்பினார். அதுக்குள்ள, ஊருக்கு வரவிருந்த ஓர் அதிகாரிக்காகச் சேர்த்துவெச்ச மளிகைச் சாமான்கள், அவர் வராததால் தீட்சிதர் வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கியிருந்ததாம்.

அற்புதம் நடந்ததா இல்லையாங்கிறதை விட்டுடுங்க. ஒரு மேதையின் வீட்டில் அடுப்பு எரியலை, தன் வளையலைக் கழற்ற ஒரு மாணவி தயாரா இருந்தாங்க. 200 வருஷம் கழிச்சும் அந்தப் பெண்ணின் பேர் அவர் கதையோட ஒட்டிக்கிட்டு வருதே, அதுதான் பெரிய விஷயம்.

மந்திரம் கூடாதுன்னா, பாட்டு இந்தா!

திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசிச்சவர் தம்பியப்பன். தீட்சிதரின் மாணவர். அவருக்குத் தீராத வயித்து வலி. ஜாதகத்தைப் பார்த்து, குரு பகவானுக்கு மந்திர ஜபம் செய்யணும்னு முடிவாச்சு. ஆனா அந்தக் காலத்து வழக்கம் தம்பியப்பனுக்கு அந்த மந்திரத்தை ஓத இடம் தரலை. தீட்சிதர் என்ன செஞ்சார்? குரு பகவான் மேல அடாணா ராகத்தில் ஒரு கீர்த்தனை செஞ்சு, மந்திரத்துக்குப் பதிலா அதைப் பாடச் சொல்லிக்கொடுத்தார். வலி தீர்ந்ததுன்னு முடியும் கதை.

ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிரகங்களுக்கும் அவர் செஞ்ச பாட்டுகள், ஏழு வெவ்வேற தாளங்களில் இருக்கு. அந்த வரிசைக்கு ஆரம்பம் ஒரு மத்தளக்காரரின் வயித்து வலிங்கிறதை மறந்துடக் கூடாது. வழக்கத்தை எதிர்த்து மேடை போட்டுப் பேசினவர் இல்லை தீட்சிதர். ஆனா வழக்கம் சாத்தின கதவுக்குப் பக்கத்தில், பாட்டால் ஒரு ஜன்னல் திறந்துவிட்டார்.

அவர் மாணவர் பட்டியலும் அப்படித்தான். கோயிலில் வாசிக்கிறவங்க, நடனம் ஆடுற பெண்கள், நட்டுவனார்கள். தஞ்சை நால்வர்னு சொல்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு நாலு பேரும் அவரிடம் படிச்சவங்க. இன்னிக்குப் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் அலாரிப்பில் ஆரம்பிச்சு தில்லானாவில் முடியுதே, அந்த வரிசையை அமைச்சவங்க இவங்கதான். வடிவேலு வயலினில் கெட்டிக்காரர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தில் செஞ்ச வயலினையே பரிசாக் கொடுத்தார்.

தம்பியைத் தேடி கரிசல் பூமிக்கு

மணலிக் குடும்பத்தின் செல்வாக்கு சரிஞ்ச பிறகு, தம்பிகள் ரெண்டு பேரும் தெற்கே கிளம்பிட்டாங்க. சின்னசாமி மதுரையில் காலமானார். பாலுசாமியை எட்டயபுரம் மன்னர் தன் அரண்மனை வித்வானாக்கிக்கிட்டார். மிச்சமிருந்த ஒரே தம்பியைத் தேடி, முதிர்ந்த வயசில் முத்துசுவாமி தெற்கே நடந்தார்.

சாத்தூரைத் தாண்டினால் கரிசல் பூமி. மழை பெய்ஞ்சால் பருத்தியும் கம்பும் விளையும். பெய்யலைன்னா மண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். அவர் போன வருஷம் வெடிச்சுக் கிடந்ததாம். அதைப் பார்த்து மனசு உருகி, அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பாளைப் பாட, மழை கொட்டியது என்பது எட்டயபுரத்துப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச கதை. கொட்டின மழை நிக்காமல் போக, அதை நிறுத்தவும் அவரே பாட வேண்டி வந்ததுன்னும் சொல்வாங்க.

ராகம் பாடினால் மழை வருமான்னு அறிவியல்கிட்ட கேட்டால் வராதுன்னுதான் சொல்லும். ஆனா வானம் பார்த்த பூமியில் ஒருத்தரை ஊர் ஞாபகம் வெச்சுக்கணும்னா, அவர் மழையோட வந்தார்னு சொல்றதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கு?

ஒரு தீபாவளி நாள்

எட்டயபுரம் அரண்மனையில் அவருக்கு நல்ல வரவேற்பு. தம்பி குடும்பத்தோட கடைசிக் காலம் கழிஞ்சது. 1835 அக்டோபர் 21, தீபாவளி. அன்னிக்கு அரண்மனை யானை மிரண்டு சுடுகாட்டுப் பக்கம் ஓடினதாகவும், கெட்ட சகுனம்னு கலங்கின மன்னருக்குத் தீட்சிதர் தைரியம் சொல்லி அனுப்பினதாகவும் ஒரு செய்தி உண்டு.

பூஜை முடிச்சு, மாணவர்களைப் பாடச் சொன்னார். அவங்க எடுத்தது மதுரை மீனாட்சி மேல அவரே செஞ்ச 'மீனாக்ஷி மே முதம்'. கமகக்ரியா ராகம். இப்போ பூர்வி கல்யாணின்னு பாடுறாங்க. பாட்டு முடியறதுக்குள்ள அவர் மூச்சு அடங்கியது. 60-ஐ ஒட்டின வயசு. எட்டயபுரத்திலேயே அவருக்கு நினைவிடம் எழுந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அங்கே அஞ்சலி உண்டு.

உண்மையான கதை இதுக்கப்புறம்தான்!

யோசிச்சுப் பாருங்க. 1835-ல் ரெக்கார்டிங் கிடையாது. பீத்தோவன் இறந்தப்போ அவர் இசை தாளில் அச்சாகி ஐரோப்பா முழுக்க இருந்தது. தீட்சிதரின் இசை எங்கே இருந்தது? சில மாணவர்களின் தொண்டையிலும், ஒரு தம்பியின் ஞாபகத்திலும். அவ்வளவுதான். ஒரு காய்ச்சல், ஒரு பஞ்சம் வந்தால் மொத்தமும் போயிருக்கும்.

பாலுசாமிக்கு ஆண் வாரிசு இல்லை. மகளின் மகன் சுப்பராமனைத் தத்தெடுத்துக்கிட்டார். அவர் பிறந்தது 1839. அதாவது, பெரிய தீட்சிதரின் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பாலுசாமி தனக்குத் தெரிஞ்ச அத்தனையையும் அந்தப் பையனுக்குள் இறக்கிவெச்சார். அவரும் எட்டயபுரம் அரண்மனை வித்வானா வளர்ந்தார்.

அந்தக் காலத்தில் வித்தைங்கிறது குடும்பச் சொத்து. வெளியாளுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை. அதை உடைக்கணும்னு வந்தவர் சின்னசாமி முதலியார். தீட்சிதரின் தம்பி பேர்தான், ஆனா ஆள் வேற. சென்னையில் அரசாங்க வேலை பார்த்த கிறிஸ்தவர், ரெண்டு இசையும் படிச்சவர். நம்ம பாட்டுகளை மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி 1893-ல் புத்தகமா போட்டவர். தீட்சிதர் குடும்பத்திடம் இருக்கிற புதையல் அச்சில் வரலைன்னா அழிஞ்சிடும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. சுப்பராம தீட்சிதரை விடாமல் வற்புறுத்தினார், எட்டயபுரம் மன்னரிடமும் போய்க் கேட்டார்.

மன்னர் செலவை ஏத்துக்கிட்டார். 60 வயசைத் தாண்டிய சுப்பராம தீட்சிதர் உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சார். ஸ்வரம் எங்கே அசையணும், எங்கே வழுக்கணும்னு காட்ட தனித்தனிக் குறியீடுகள். எட்டயபுரத்தில் இருந்த வித்யா விலாசினி அச்சகத்தில் எழுத்துக் கோத்து, 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளியாச்சு. தெலுங்கு எழுத்தில், சுமார் 1,700 பக்கம். முத்துசுவாமி தீட்சிதரின் 200-க்கும் மேற்பட்ட பாட்டுகள் அதில் இருந்தது. அதைப் பார்க்க சின்னசாமி முதலியார் உயிரோட இல்லை. புத்தகம் வந்து ரெண்டே வருஷத்தில், 1906-ல், சுப்பராம தீட்சிதரும் போயிட்டார். எட்டயபுரத்திலேயே பிறந்த பாரதி அவருக்கு இரங்கல் கவிதை எழுதினார். எவ்வளவு சின்ன இடைவெளியில் அந்த இசை தப்பிச்சிருக்கு பாருங்க!

சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் பின்னாளில் சென்னைக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கத்துக்கிட்டவங்களில் ஒருவர் டி.கே.பட்டம்மாள். அவங்க குரல் மூலமா எட்டயபுரத்துப் பாடம் இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் போனது.

எட்டப்பன்னு சொன்னாலே துரோகின்னு சினிமா பார்த்து வளர்ந்த தலைமுறை நாம. கட்டபொம்மன் கதையில் அந்த அரண்மனைக்கு என்ன இடமோ, அது வரலாறு பேச வேண்டிய விஷயம். அதே அரண்மனைதான் ஓர் இசைக் குடும்பத்துக்கு மூணு தலைமுறையா சோறு போட்டு, கடைசியில் அச்சுக் கூலியும் கொடுத்தது. ரெண்டும் ஒரே ஊர்க் கதைதான்.

புரியாத மொழி, புரியுற இசை

ஒரு நியாயமான கேள்வி வரும். சம்ஸ்கிருதத்தில் இருக்கிற பாட்டு நமக்கு எப்படிப் புரியும்? இதைப் பாரதியே கேட்டவர்தான். பொருள் தெரியாமல் எங்கே பார்த்தாலும் 'வாதாபி கணபதிம்' மாதிரி அதே பாட்டுகளைப் பாடறாங்களேன்னு அவர் வருத்தப்பட்டிருக்கார். தமிழில் புதுப் பாட்டு வேணும்னு அவர் கேட்டதும் நியாயம், தீட்சிதரின் ராகம் நம்மைக் கட்டிப்போடறதும் உண்மை. பிரெஞ்சும் கொரியனும் தெரியாமலே பாட்டு கேட்கிற நமக்கு இது பெரிய தடையும் இல்லை. பொருள் வேணும்னா போன்லயே தேடிக்கலாம்.

எங்கே ஆரம்பிக்கலாம்னு கேட்டால், ஒரு குட்டி ப்ளேலிஸ்ட் இதோ. சிரிச்சுக்கிட்டே கேட்க நோட்டுஸ்வரங்கள். உற்சாகத்துக்கு 'வாதாபி கணபதிம்', அதுதான் அப்பா உருவாக்கின ஹம்ஸத்வனியில் மகன் கட்டின பாட்டு. மழை நாளுக்கு அமிர்தவர்ஷிணி. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேட்க 'ஜம்பூபதே'. நீருக்கான அந்தப் பாட்டு, நிஜமாவே ஆழமான தண்ணி மாதிரி நகரும். ஸ்பீடை 1.5-ல் வைக்காதீங்க, ப்ளீஸ்!

அடுத்த தடவை மதுரைக்குப் போற பஸ் எட்டயபுரத்தில் நின்னால், ஒரு தடவை இறங்கிடுங்க. பாரதி பிறந்த வீடு இருக்கு, சீறாப்புராணம் பாடின உமறுப் புலவரின் அடக்கத்தலம் இருக்கு, தீட்சிதரின் நினைவிடம் இருக்கு. மூணையும் ஒரே பகலில் பார்த்துடலாம். அடுத்த பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருக்கும்.